அப்பாவோ அம்மாவோ தற்கொலையால் இறந்துவிட்டால்: பதின்வயதினர் கேட்கும் கேள்விகள்

பெற்றோரில் ஒருவரைத் தற்கொலையில் இழந்த பிள்ளைகளுக்குள் ஓடும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு. கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் உடைந்துபோவார்களோ என்ற பயம், இதையெல்லாம் கேட்கலாமா என்ற தயக்கம். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்களை அதிகம் அரிப்பது எதுவோ அதை முதலில் படியுங்கள். சில இடங்களில் அப்பா என்றும் சில இடங்களில் அம்மா என்றும் வரும். உங்களுக்கு எதுவோ அப்படி மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கே உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றால் மற்றதெல்லாம் அப்புறம். ‘எனக்கும் செத்துவிடலாம் போல இருக்கிறது’ என்ற கேள்விக்கு நேராகப் போங்கள்.

அப்பா இறந்து பத்து நாள் ஆகிறது. அழுகையே வரவில்லை. எனக்குப் பாசமே இல்லையா?

பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எதிர்பாராத சாவு முதலில் ஆளை மரத்துப்போக வைக்கும். வந்துபோகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவீர்கள், கேட்டதற்குப் பதில் சொல்வீர்கள், இரவில் மொபைலில் கேம் ஆடுவீர்கள். வேறு யாருக்கோ நடந்ததுபோல் இருக்கும். சிலருக்குப் பல வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் அழுகை வெடிக்கும். சிலருக்கு அது அழுகையாக வராது. வயிற்றுவலி, தலைவலி, தூக்கமின்மை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிப்பது என்று வரும். எல்லாமே துக்கம்தான். அழவில்லையே என்று யாராவது குத்திக்காட்டினால், “வரும்போது அழுவேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

ஏன் இப்படிச் செய்தார்?

நோயில் இறந்தால் நோய்க்கு ஒரு பெயர் இருக்கும். விபத்து என்றால் எப்படி நடந்தது என்று யாராவது சொல்வார்கள். இங்கே பதில் தெரிந்த ஒரே ஆள் இல்லை. அதனால் மனசு துப்பறியக் கிளம்பிவிடும். கடைசி வாரம் என்ன பேசினார், யாரோடு சண்டை, எவ்வளவு கடன், போனில் என்ன இருக்கிறது என்று தோண்டிக்கொண்டே இருக்கும். தோண்டட்டும், அதை அடக்க முடியாது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு தோண்டுங்கள்: கையில் கிடைப்பது பெரும்பாலும் கடைசியாக நடந்த சம்பவமாக இருக்கும். அதே கடன், அதே வேலையிழப்பு, அதே அவமானத்தோடு கோடிக்கணக்கானவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். எந்த ஒரு சம்பவமும் தனியாக ஓர் உயிரை எடுப்பதில்லை. மனச்சோர்வு அல்லது வேறு மனநோய், குடிப்பழக்கம், தீராத உடல்வலி, பணநெருக்கடி, யாரிடமும் சொல்ல முடியாத வெட்கம் என்று பல சேர்ந்து, பெரும்பாலும் நீண்ட காலமாக, உள்ளே வேலை செய்திருக்கும்.

லாஸ் ஏஞ்சலஸில் 1958-ல் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வின் ஷ்னைட்மன் என்ற உளவியலாளர் வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். தாங்க முடியாத மனவலிதான் மையம் என்பது அவர் கண்டது. அந்த வலி உச்சத்தில் இருக்கும்போது யோசனை சுருங்கிவிடுகிறது. வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியும் பத்து வழிகள் மறைந்து, இந்த வலியை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் மிஞ்சுகிறது.

இதைப் படித்தாலும் உங்கள் அப்பாவுக்குள் என்ன நடந்தது என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைக்காது. எங்களுக்குத் தெரிந்தவரை, இந்தச் சாவில் மிகக் கடினமான பகுதி அதுதான். பதில் பாதியில் நிற்கும். அந்தப் பாதியோடு வாழப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்போது அவர் என்னை நினைத்துப் பார்க்கவே இல்லையா? ஒரு கடிதம்கூட எழுதவில்லையே.

தற்கொலையால் இறப்பவர்களில் பெரும்பாலோர் கடிதம் எழுதிவைப்பதில்லை. எழுதியவர்களின் கடிதத்திலும் பிள்ளைகள் தேடும் பதில் இருப்பது அரிது. அது அந்த ஒரு மணி நேரத்து மனநிலையில் எழுதியது, பதினைந்து வருட அப்பாவின் மனநிலை அல்ல. தான் குடும்பத்துக்குச் சுமை, தான் போனால் எல்லோரும் நன்றாக இருப்பார்கள் என்று உண்மையாகவே நம்பும் நிலைக்குச் சிலர் போய்விடுகிறார்கள். அந்த நம்பிக்கை தப்பு என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்ததும், காய்ச்சலில் கிடந்தபோது கண்விழித்ததும் பொய்யாகிவிடாது.

அன்று காலை அம்மாவோடு சண்டை போட்டேன். ‘நீ இல்லாமலே இருந்திருக்கலாம்’ என்று சொல்லிவிட்டேன். நான்தான் காரணமா?

இல்லை.

ஒற்றைச் சொல்லில் இது அடங்காது என்பதும் தெரியும். பதின்வயதில் பெற்றோரோடு சண்டை போடாதவர்கள் யார்? இதைவிட மோசமாகச் சொன்னவர்கள், கதவை அறைந்து சாத்தியவர்கள், மாதக்கணக்கில் முகம் கொடுக்காதவர்கள் எல்லோருடைய அம்மாக்களும் கொஞ்ச நேரம் கோபமாக இருந்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பிள்ளையின் ஒரு வாக்கியம் உயிரை எடுக்கும் என்றால் எந்த வீட்டிலும் பெற்றோர் மிஞ்சமாட்டார்கள். உங்கள் அம்மா அன்று காலை சந்தித்தது உங்கள் வார்த்தையை மட்டும் அல்ல; உங்கள் கண்ணுக்கே படாத வேறு பலவும் அங்கே இருந்தன.

‘சரி, நான் காரணம் இல்லை, ஆனால் முன்பே கவனித்திருக்கலாமே’ என்பது அடுத்து வரும். இப்போது முடிவு தெரிந்துவிட்டதால் எல்லாமே அறிகுறியாகத் தெரிகிறது. அன்றைக்கு அது சாதாரணச் செவ்வாய்க்கிழமை. அம்மா சோர்வாக இருந்தார். அதற்கு முன்பும் நூறு தடவை சோர்வாக இருந்திருக்கிறார். ஐம்பது ஆண்டுகளில் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அலசல் ஒன்று 2017-ல் வெளிவந்தது. யார் தற்கொலை செய்துகொள்வார் என்று முன்கூட்டிச் சொல்வதில், ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்பது அதன் முடிவு. இதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பிடிபடாதது பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பிடிபட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இத்தனைக்குப் பிறகும் குற்ற உணர்வு விடாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ‘என் தப்பு’ என்று நம்பினால், குறைந்தபட்சம் விஷயம் என் கையில் இருந்தது என்றாவது ஆகிறது. என் கையில் எதுவுமே இருக்கவில்லை என்பது அதைவிடப் பயங்கரம். அதனால் மனசு குற்றத்தையே பிடித்துக்கொள்கிறது. அன்று சொன்ன அதே வாக்கியத்தை, அட்சரம் பிசகாமல், நம்பகமான ஒரு பெரியவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தலைக்குள் சுற்றும்போது இருந்த கனம் வெளியே சொன்ன பிறகு பெரும்பாலும் இருப்பதில்லை.

செத்தவர் மேல் கோபப்படலாமா?

படலாம். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்ற கோபம் உண்மையானது. அவரை நேசிப்பதும் அவர் மேல் கொதிப்பதும் ஒரே மணி நேரத்தில் நடக்கும். தலையணையில் குத்துங்கள், ஓடுங்கள், அனுப்ப முடியாத கடிதத்தில் கண்டபடி திட்டி எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. வீட்டில் அடிதடி இருந்திருந்தால், குடி இருந்திருந்தால், அல்லது ‘இன்றைக்கு ஏதாவது செய்துகொள்வாரோ’ என்று வருடக்கணக்கில் பயந்தே வாழ்ந்திருந்தால், இறந்த பிறகு ஒரு நிம்மதி வரலாம். அவர் சாக வேண்டும் என்று நீங்கள் விரும்பியதாக அதற்கு அர்த்தம் இல்லை. பயம் முடிந்தது என்பதால் வந்த நிம்மதி அது.

தம்பிக்கு எட்டு வயது. ‘அப்பாவுக்கு மாரடைப்பு’ என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். நானும் அப்படியே சொல்ல வேண்டுமாம். என்ன செய்வது?

பெரியவர்கள் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. சின்ன மனசு தாங்காது என்று நினைக்கிறார்கள். ஆனால் எங்கள் கருத்தில் இது நீண்ட நாள் ஓடாத பொய். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமிருந்தோ, பள்ளி வேனிலோ, ஏதோ ஒரு சண்டையில் வாய்தவறியோ அவன் தெரிந்துகொள்வான். அப்போது அப்பாவின் சாவோடு சேர்த்து, வீட்டில் எல்லோரும் தன்னை ஏமாற்றினார்கள் என்பதையும் அவன் சுமக்க வேண்டிவரும். உங்களுக்கோ, துக்கத்தோடு இன்னொரு வேலையும் சேர்கிறது: எந்த நேரமும் கதையைக் காப்பாற்றுவது.

குழந்தைகளின் துக்கத்தோடு வேலை செய்பவர்கள் பொதுவாகச் சொல்வது, வயதுக்கு ஏற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள் என்பதுதான். எப்படி இறந்தார் என்ற விவரம் தேவையில்லை. “அப்பாவுக்கு மனசில் பெரிய நோய் இருந்தது. நோய் அதிகமானபோது அவரே தன் உயிரைப் போக்கிக்கொண்டார். நீயோ நானோ செய்த எதனாலும் இது நடக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் என்னிடம் கேட்கலாம்.” எட்டு வயதுக்கு இவ்வளவு போதும். இதைச் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, அம்மாவோ வேறு பெரியவரோதான். நீங்கள் அவர்களிடம், “என்னால் அவனிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்க முடியவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று கேட்கலாம். சித்தியோ மாமாவோ உங்கள் பக்கம் நின்று பேசினால் இன்னும் எளிது.

மறைப்பது பெரிய மனிதர்களையும் விட்டுவைத்ததில்லை. ஹாரி ரீட் என்ற அமெரிக்க செனட்டரின் தந்தை 1972-ல் தற்கொலையால் இறந்தார். ரீட் பல ஆண்டுகள் அதைப் பொதுவெளியில் பேசவில்லை. பிறகு பேசினார், 1999-ல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தால்தான், தற்கொலையில் உறவை இழந்தவர்களுக்கென்று நவம்பரில் ஒரு சனிக்கிழமை அனுசரிக்கப்படுகிறது. இன்று பல நாடுகளில் அந்த நாளில் இழந்தவர்கள் ஒன்றுகூடுகிறார்கள்.

பள்ளியில் கேட்டால் என்ன சொல்வது?

யாரிடம் எவ்வளவு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லோருக்கும் ஒரே பதில் வேண்டாம். முன்கூட்டியே இரண்டு மூன்று வாக்கியங்களைத் தயாராக வைத்துக்கொண்டால் திணறல் குறையும். பழக்கமில்லாதவருக்கு: “அம்மா திடீரென்று இறந்துட்டாங்க. இப்போ அதைப் பேச வேண்டாம்.” நெருங்கிய நண்பருக்கு: “தற்கொலை. எப்படி என்று மட்டும் கேட்காதே. மற்றபடி கூட இரு.” வதந்தி பரப்புகிறவருக்கு விளக்கம் எதுவும் தர வேண்டியதில்லை. நம்பகமான ஓர் ஆசிரியரிடம் வீட்டார் முன்பே பேசிவைப்பது நல்லது. வகுப்பு நடுவே மூச்சுமுட்டினால் கேட்காமலே வெளியே போக ஓர் ஏற்பாடு கிடைக்கும். தேர்வுத் தேதி, வருகைப்பதிவு போன்றவற்றுக்கும் அவர்தான் உதவுவார்.

இது பரம்பரையாக வருமா? எனக்கும் நடக்குமா?

கூகுளில் தேடியிருப்பீர்கள், அதனால் மழுப்பாமல் சொல்கிறோம். ஸ்வீடன் நாட்டின் பதிவுகளை வைத்து அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் பெற்றோரைத் தற்கொலையில் இழந்தவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு, பெற்றோர் உயிரோடு இருப்பவர்களைவிட மூன்று மடங்கு என்றது அது. கேட்க அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் மிகச் சிறிய எண்ணின் மூன்று மடங்கும் சிறிய எண்தான். இப்படி இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை.

தற்கொலை கண் நிறம்போல் அப்படியே கைமாறிவரும் விஷயம் கிடையாது. மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு (மனநிலை மிக உச்சத்துக்கும் மிகத் தாழ்வுக்கும் மாறும் நோய்) போன்றவற்றுக்கான சாய்வு குடும்பத்தில் வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கும்போது குடும்பத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால் ‘தானாகச் சரியாகும்’ என்று காத்திருக்காதீர்கள். அப்பா இறந்த வயதை நெருங்கும்போது சிலருக்கு இனம்புரியாத பயம் வரும். அது தெரிந்த விஷயம், கெட்ட சகுனம் எதுவும் இல்லை.

எனக்கும் செத்துவிடலாம் போல இருக்கிறது.

இன்றைக்கே, இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன்பே, ஒருவரிடம் சொல்லுங்கள். “எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது” என்று இதே வார்த்தையில் சொல்லலாம். வாய் வரவில்லை என்றால் மெசேஜாக அனுப்புங்கள். அம்மா ஏற்கெனவே நொறுங்கியிருக்கிறார், அவரை இன்னும் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று மறைக்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய ஆபத்து.

போனில் பேச உதவி எண்கள் இருக்கின்றன: இந்தியாவில் 14416 (அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ்), இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. மூன்றும் இரவு பகல் பாராமல் இயங்குபவை. டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எப்படிச் செய்வது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால் போனோடு நிறுத்த வேண்டாம்; ஒருவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை யாராவது கூடவே இருக்கட்டும். ஆபத்தான எதுவும் கைக்கு எட்டாமல் அவர்கள் எடுத்து வைக்கட்டும்.

‘செத்தால் அப்பாவைப் பார்க்கலாம்’ என்ற ஏக்கமும், ‘விடியவே வேண்டாம்’ என்ற சலிப்பும் துக்கத்தில் பலருக்கு வருவதுதான். சொன்னால் பைத்தியம் என்று முத்திரை குத்தப் போவதில்லை. அந்த அலை உச்சத்துக்குப் போய் இறங்கக்கூடியது. இறங்கும்வரை துணை வேண்டும்.

அம்மாவை முதலில் பார்த்தது நான்தான். கண்ணை மூடினால் அதே காட்சி.

இதைத் துக்கம் என்ற ஒரே பையில் போட்டுவிடக் கூடாது. இது அதிர்ச்சியின் காயமும்கூட. காட்சி திடீரென்று வருவது, கெட்ட கனவு, அந்த அறைப் பக்கம் போக முடியாமை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது எல்லாம் அதன் வேலை. நேரில் பார்க்காதவர்களுக்கும் கற்பனையில் இப்படி வரலாம். இதற்கென்றே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், பதின்வயதினருக்கு நன்றாகப் பலன் தரும் பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன. அதுவரை, காட்சி வரும்போது கால் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள், சுற்றியிருக்கும் ஐந்து பொருட்களின் பெயரை உரக்கச் சொல்லுங்கள், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுங்கள். ஒரு மாதம் கழிந்தும் காட்சிகள் குறையவில்லை என்றால் உடனே உதவி தேடுங்கள்.

எப்போது சரியாகும்? துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்கிறார்களே?

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து கட்டங்களை எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதினார். சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளோடு பேசி எழுதியவை அவை. பின்னால் வந்தவர்கள் அதை எல்லாத் துக்கத்துக்கும் கால அட்டவணை ஆக்கிவிட்டார்கள். உங்கள் துக்கம் அந்த வரிசையில் போகவில்லை என்றால் கோளாறு உங்களிடம் இல்லை.

1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் என்ற துக்க ஆய்வாளர்கள் இருவர் சொன்னது பதின்வயதினருக்கு நன்றாகவே பொருந்துகிறது. துக்கப்படுபவர் இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிப் போய்வருகிறார்: கொஞ்ச நேரம் இழப்போடு, கொஞ்ச நேரம் அன்றாட வாழ்க்கையோடு. காலையில் அப்பாவின் சட்டையைப் பிடித்து அழுதுவிட்டு மாலையில் கிரிக்கெட் ஆடுவது நடிப்பு இல்லை, துக்கம் நடக்கும் விதமே அதுதான்.

கால அளவு சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு மேலாகியும், கிட்டத்தட்ட தினமும், படிப்பு, சாப்பாடு, நட்பு எதுவுமே நடக்காத அளவுக்கு ஏக்கம் அழுத்துகிறது என்றால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவம் பார்க்கிறது. அதற்கும் சிகிச்சை உண்டு.

நேற்று நண்பர்களோடு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அசிங்கமாக இருந்தது.

சிரித்தது துரோகம் இல்லை. இன்னும் சிரிப்பீர்கள்.

அம்மா உடைந்துபோயிருக்கிறார். வீட்டை இனி நான்தான் பார்க்க வேண்டுமா?

‘இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை’, ‘அப்பாவை நீதான் பார்த்துக்கணும்’ என்று சொல்லாத உறவினர் இல்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். பதினாலு வயதின் தோளில் அது பெரிய பாரம். வீட்டு வேலையில் கைகொடுங்கள், தங்கையைப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். அம்மாவின் உயிருக்குக் காவல் இருப்பதை, இரவில் அவர் மூச்சு விடுகிறாரா என்று எழுந்து எழுந்து பார்ப்பதை, பெரியவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். “எனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்ச நாள் எங்களோடு வந்து தங்குங்கள்” என்று அத்தையிடமோ பாட்டியிடமோ கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அப்பாவின் போன், வாட்ஸ்அப் மெசேஜ், குரல் பதிவுகளை என்ன செய்வது?

அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். கேட்கத் தாங்கவில்லை என்றால் பிரதி எடுத்து ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மறந்துவிட்டு முன்னேறு என்ற பழைய அறிவுரையைத் துக்க ஆய்வாளர்களே 1990-களில் கேள்வி கேட்டார்கள். இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அவர் எண்ணுக்கு மெசேஜ் அனுப்புகிறீர்களா? அனுப்புங்கள். ஆனால் அந்த எண் ஒருநாள் வேறொருவருக்குப் போய்விடலாம், அது மட்டும் நினைவிருக்கட்டும். பிறந்த நாள், நினைவு நாள் வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே மனசு தடுமாறும். அன்றைக்கு என்ன செய்யப் போகிறீர்கள், யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து வைத்தால் சமாளிக்கலாம்.

கவுன்சலரிடம் போனால் எல்லாவற்றையும் சொல்ல வைப்பார்களா?

இல்லை. முதல் நாள் பேசாமலே உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் சொல்வதைப் பொதுவாக வெளியே சொல்லமாட்டார்கள். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, உங்களை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றாலோ, உதவக்கூடியவர்களிடம் சொல்வார்கள். ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறொருவரைக் கேளுங்கள். இதேபோல் பெற்றோரை இழந்தவர்களின் ஆதரவுக் குழு கிடைத்தால் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். அங்கே எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டிவராது.

என் நண்பனின் அம்மா இப்படி இறந்துவிட்டார். அவனிடம் என்ன பேசுவது?

‘காலம் ஆற்றும்’, ‘தைரியமாக இரு’, ‘உன்னை நினைத்தாவது இருந்திருக்கலாம்’ மூன்றையும் விட்டுவிடுங்கள்; மூன்றாவது கொடூரம். “என்ன சொல்றதுன்னு தெரியல, ஆனா நான் இருக்கேன்” போதும். அவன் அம்மாவின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவர் உங்களைத் திட்டிய கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள். ‘ஏதாவது வேணும்னா கேளு’ என்றால் அவன் கேட்கமாட்டான். விட்டுப்போன நோட்ஸை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். நான்காவது மாதமும் போங்கள். சாக வேண்டும் என்று அவன் சொன்னாலோ, அந்த மாதிரி தோன்றினாலோ, “தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், யாரிடமும் சொல்லாதே என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தாலும், அன்றே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள்.